உபவாசமும் உடற்சுத்தமும்: கொடைக்கானல் மலை கற்றுத்தரும் பாடம்



லெந்து காலம் பிறக்கும்போது எங்கள் மலையூரில் இரண்டு அழைப்புகள் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஒன்று, ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் நாற்பது நாள் உபவாச ஜெபத்தின் அழைப்பு. மற்றொன்று, கோடைப் பருவத்து விருந்தினரை எதிர்நோக்கிக் கைபேசிகளில் வலம்வரும் 'டீடாக்ஸ்' அழைப்பு. குளிர்ந்த மலைக்காற்றில் சில நாள் தங்கி, உணவை விட்டு, பழச்சாறும் மூலிகைநீரும் மட்டும் அருந்தி, உடலில் சேர்ந்திருக்கும் நச்சுகளையெல்லாம் வெளியேற்றிவிட்டுப் புது மனிதராய் மலையிறங்குங்கள் என்று அது சொல்லுகிறது.

சபையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இவ்விரண்டையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஐயா, ரெண்டும் ஒண்ணுதானே? ஜெபத்துக்கு ஜெபமும் ஆச்சு, உடம்பும் சுத்தமாயிடும்."

கேள்வி எளிமையானது. ஆயினும் அதற்கு ஒரு வரியில் விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் உடலைச் சுத்தமாக்கிச் சுகம் பெறலாம் என்னும் எண்ணமும் இந்த மலையும் ஒன்றோடொன்று நெடுநாள் உறவுடையவை. அந்த வரலாற்றைச் சற்றே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சுகம் தேடி மலையேறியவர்கள்

1834-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து கடல்கடந்து வந்த அமெரிக்க மிஷனெரிகள் மதுரையில் தங்கள் பணியைத் தொடங்கினார்கள். பள்ளிகளை நிறுவினார்கள், தமிழைக் கற்றார்கள், ஊர் ஊராய் நடந்தார்கள். ஆனால் சமவெளியின் காய்ச்சலும் காலராவும் அவர்களை விடவில்லை. சில ஆண்டுகளுக்குள்ளாகவே ஊழியர்களும் அவர்களுடைய மனைவியரும் குழந்தைகளும் ஒருவர்பின் ஒருவராகக் கல்லறைக்குச் சென்றார்கள். முதலில் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலையில் அவர்கள் ஓய்விடம் தேடினார்கள். அங்கும் மலைக்காய்ச்சல் தொடர்ந்தது. அதன்பின் பழனி மலைத்தொடரின் உச்சிக்கு ஏறினார்கள். 1821-இலேயே லெப்டினென்ட் வார்டு என்னும் நில அளவையாளர் இம்மலையை ஆய்ந்திருந்தார். 1845-ஆம் ஆண்டில் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரண்டு வீடுகளை மிஷனெரிகள் இங்கே கட்டி முடித்தார்கள். ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானல் நகரத்தின் தொடக்கம் அதுவே. ஆகவே இவ்வூர் உல்லாசத்துக்காக அன்று, பிழைத்திருப்பதற்காகவே பிறந்தது.

அந்நாளைய மருத்துவம் எப்படிப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். நோய் என்பது உடலுக்குள் தேங்கிய கெட்ட நீர்களால் வருவது. ஆகவே அவற்றை வெளியேற்றுவதே சிகிச்சை என்று மேலைநாட்டு மருத்துவர் பலரும் நம்பிய காலம் அது. காய்ச்சல் கண்டவருக்கு நரம்பைக் கீறி இரத்தம் வடித்தார்கள். காலோமெல் எனப்பட்ட பாதரச உப்பைப் பேதிமருந்தாகக் கொடுத்தார்கள். வாந்தி எடுக்கவும் வியர்க்கவும் வைத்தார்கள். நம் நாட்டு வீடுகளிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்துக் குடலைக் கழுவும் வழக்கம் இருந்ததைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். "லங்கணம் பரம ஔஷதம்" என்று பட்டினியையே தலையாய மருந்தாகச் சொல்லும் பழமொழியும் நமக்கு உண்டு. ஆக, வெளியேற்றினால் சுகம் வரும் என்னும் நம்பிக்கை கிழக்கிலும் மேற்கிலும் ஒன்றுபோலவே ஆழ்ந்திருந்தது. இன்றைய டீடாக்ஸ் அந்தப் பழைய நம்பிக்கையின் புதிய ஆடையே.

மலையேறியவர்கள் பலர் பிழைத்தார்கள். ஏன் பிழைத்தார்கள்? நல்ல காற்று தங்களைச் சுத்திகரித்தது என்று அவர்கள் எண்ணினார்கள். மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். உண்மை வேறு. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்கு முன்னரே, 1883-84-இல், ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் காலராவின் கிருமியை அடையாளம் கண்டிருந்தார். அது பரவுவது அசுத்தமான நீரால். குளிர்ந்த உயரத்தில் மலேரியாக் கொசு பெருகுவது கடினம். நெருக்கமில்லாத இடத்தில் ஊற்றுநீரும் மாசுபடுவது அரிது. எனவே இம்மலை அவர்களுடைய உடலிலிருந்து எதையும் வெளியேற்றவில்லை. நோய் அவர்களிடம் வந்து சேராமல் காத்தது, அவ்வளவே.

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்நாளில் மலைக்கு வண்டிப் பாதை இல்லை. நோயாளிகளையும் குழந்தைகளையும் டோலிகளில் வைத்து ஏழைத் தொழிலாளர்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். சுமந்தவர்களோ மறுபடியும் காய்ச்சல் நிறைந்த சமவெளிக்கே இறங்கிப் போனார்கள். சுகம் ஒருசிலருக்கு மட்டும் விற்கப்படும் பொருளாகிவிடக்கூடும் என்பதை இம்மலையின் பழைய பாதைகள் நமக்கு நினைப்பூட்டுகின்றன.

வெளியேற்றியதால் அல்ல, கொடுத்ததால்

காலராவின் கதையில் நாம் கற்கவேண்டிய பெரும் பாடம் ஒன்று உண்டு. காலரா கொல்வது உடலில் நச்சு தேங்குவதால் அன்று. நீரும் உப்பும் சில மணி நேரத்துக்குள் உடலைவிட்டு வடிந்துபோவதால். அப்படி வற்றிக்கொண்டிருப்பவருக்குப் பேதிமருந்து கொடுப்பது, ஓட்டைப் பானையில் இன்னொரு ஓட்டையிடுவதற்கு ஒப்பாகும். நல்லெண்ணத்தோடும் ஜெபத்தோடும் கொடுக்கப்பட்ட மருந்து எத்தனையோ பேருடைய முடிவை விரைவுபடுத்தியிருக்கும்.

சரியான மருந்து நெடுங்காலத்துக்குப் பின்னரே பரவலானது. 1971-ஆம் ஆண்டில் வங்கதேசப் போரின்போது எல்லையோரத்துப் பன்காவ் அகதி முகாமில் காலரா மூண்டது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 விழுக்காட்டை நெருங்கியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. விலைமதிப்பற்ற மருந்தன்று, சமையலறைப் பொருள்கள். உடலிலிருந்து எடுப்பதை விட்டு, இழந்ததைத் திரும்பக் கொடுத்தபோது மனிதர் பிழைத்தார்கள்.

பசியின் அளவு

வெறும் வயிறு மனிதனுக்கு என்ன செய்யும் என்பதையும் நம் நிலம் அறியும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தில் இம்மலையடிவாரத்து மதுரை மாவட்டமும் துன்புற்றது. அப்பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. நிவாரண வேலைத்தலங்களில் கல்லுடைத்து மண்சுமந்தவர்களுக்கு எவ்வளவு தானியம் கொடுத்தால் போதும் என்று அரசு கணக்குப் பார்த்தது. சர் ரிச்சர்டு டெம்பிள் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்றார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதனோடு காய்கறியும் புரதமும் வேண்டும் என்று அவர் வாதாடினார். 1877-இல் படியளவு ஓரளவு உயர்த்தப்பட்டுப் பருப்பும் சேர்க்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போயின. குறைவான உணவில் மனிதன் எவ்வளவு நாள் தாங்குவான் என்று நிறைந்த வயிற்றோடு கணக்கிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அந்த ஆண்டு சாட்சியாய் நிற்கிறது.

பசியை மனமுவந்து ஏற்றவர்களின் சரித்திரமும் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிவியலாளர் ஓர் ஆய்வு நடத்தினார். மனச்சாட்சியின் நிமித்தம் ஆயுதமேந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர் அதற்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். அவர்களில் பலர் குவேக்கர், பிரெத்ரன், மெனோனைட் ஆகிய சமாதான சபைகளைச் சேர்ந்தவர்கள். ஐரோப்பாவில் பட்டினியால் வாடுவோருக்கு எப்படி மறுவாழ்வு கொடுப்பது என்று மருத்துவம் அறிந்துகொள்ள உதவுவதே அவர்கள் நோக்கம். 24 வாரங்கள் அரைவயிற்று உணவில் இருந்தார்கள். உடல் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். இதயத்துடிப்பு மந்தமாயிற்று, எப்போதும் குளிர்ந்தது, எரிச்சலும் சோர்வும் மனவாட்டமும் மிகுந்தன. உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமற்போயிற்று. பக்தியுள்ள நல்ல இளைஞர்கள் அவர்கள். நீடித்த பசி அவர்களுடைய சிந்தையை மேலே உயர்த்தவில்லை. தட்டைச் சுற்றியே கட்டிப்போட்டது.

தேவன் வைத்த சுத்திகரிப்பு

இனி நம் நாளுக்கு வருவோம். டீடாக்ஸ் என்று விற்கப்படுபவை எந்த நச்சை, எவ்வளவு நீக்குகின்றன என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பதில்லை. நீக்கவேண்டியவற்றை நீக்குவதற்குச் சிருஷ்டிகர் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருக்கிறார். நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளிவிடுகின்றன. புரதத்தைச் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியா என்னும் நச்சைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிவிடுகிறது. நாம் உறங்கும்போதும் இவ்வேலை நிற்பதில்லை. இவ்வுறுப்புகள் பழுதடைந்தால் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். பழச்சாறு அவற்றின் வேலையைச் செய்யாது.

அப்படியானால் மூன்று நாள் சாறு மட்டும் குடித்தவருக்கு எடை குறைகிறதே? குறைவது உண்மை. கல்லீரலும் தசைகளும் சேமித்து வைத்த கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் முதலில் செலவாகிறது. அதனோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் அந்த எடை பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது.

உபவாச உணவுமுறைகள் யாவும் பயனற்றவை என்றும் நான் சொல்லமாட்டேன். உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் ஒருவேளையோ ஒருநாளோ உண்ணாதிருப்பதால் பொதுவாகத் தீங்கில்லை. குறித்த நேரத்துக்குள் மட்டும் உண்ணும் முறையால் எடை குறைவதும் உண்டு. ஆனால் சீனாவின் குவாங்சோவில் உடற்பருமனுள்ள 139 பேரிடம் ஓராண்டு நடந்து, 2022-இல் வெளியான ஆய்வு, அந்த முறை நாள்தோறும் அளவாக உண்பதைவிட மேலான பலனைத் தரவில்லை என்று கண்டது. அளவறிந்து, முன்னுண்டது செரித்தபின் உண்ணச் சொன்ன வள்ளுவரின் அறிவுரை இன்னும் பழுதுபடவில்லை.

தீங்கு வரும் இடங்களையும் அறிந்துகொள்ளுங்கள். பேதிமருந்துகளை அடிக்கடி உட்கொண்டால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு பிறழலாம். பசுங்கீரைச் சாற்றை அளவின்றிக் குடித்து, அதிலுள்ள ஆக்சலேட்டினால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதிருந்தவர் திடீரென வயிறார உண்டால், இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நெடும்பட்டினியை மருத்துவக் கண்காணிப்போடுதான் முடிக்கவேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் உண்ணாதிருந்தால் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழும். 13 நாடுகளில் ரமலான் நோன்பிருந்த நீரிழிவு நோயாளரை ஆராய்ந்த எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் கடுமையான சர்க்கரைத் தாழ்வு ஏறக்குறைய ஏழரை மடங்கு பெருகியது தெரியவந்தது. இதனாலேயே நம் இஸ்லாமியச் சகோதரருக்கு நோன்புக்கு முன்னரே மருத்துவரைக் காணும்படி அறிவுறுத்தப்படுகிறது. நாமோ அப்படி ஒரு வார்த்தையும் சொல்லாமலே உபவாசக் கூட்டங்களை அறிவித்துவிடுகிறோம்.

இதை என்மேலேயே குற்றமாகச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை உபவாச ஜெபத்தில் வயதான தாயார் ஒருவர் வியர்த்து, பேச்சுக் குழறிச் சாய்ந்தார். கூடியிருந்தவர்களில் சிலர் அதை ஆவிக்குரிய அனுபவமென்று எண்ணி இன்னும் உரத்து ஜெபித்தார்கள். செவிலியராய்ப் பணிசெய்த சகோதரி ஒருவர் விரைந்து வந்து சர்க்கரைத் தண்ணீரைப் பருகக் கொடுத்தார். சில நிமிடங்களில் அம்மையார் கண்திறந்தார். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உண்ணாமல் வந்திருந்தார். "உபவாசம்னு ஐயா சொன்னீங்களே, அதான் சாப்பிடல" என்றார். அந்த வார்த்தை இன்றுவரை என் நெஞ்சில் தைத்திருக்கிறது. பிரசங்க பீடத்திலிருந்து கட்டளையிட்டவன் நான், வீழ்ந்தவர் அவர்.

வேதம் காட்டும் உபவாசம்

வேதத்தைத் திறந்து பார்த்தால், உபவாசத்தைக் கனப்படுத்தும் அதே வேதம் உணவையும் கனப்படுத்துகிறது. சவுல் தன் வீரரை உண்ணாதபடி ஆணையிட்டுக் கட்டினான். யோனத்தான் தேனை ருசித்தபோது அவன் கண்கள் தெளிந்தன. ஜனங்களைத் தன் தகப்பன் கலங்கப்பண்ணினார் என்று அவன் வெளிப்படையாய்ச் சொன்னான் (1 சாமுவேல் 14). சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொண்டுவந்தது அடையும் தண்ணீருமே (1 இராஜாக்கள் 19). யவீருவின் மகளை உயிர்ப்பித்த ஆண்டவர் அவளுக்கு உண்ணக் கொடுக்கச் சொன்னார் (மாற்கு 5). பதினான்கு நாள் உண்ணாமல் புயலில் தவித்த மாலுமிகளிடம், நீங்கள் பிழைக்க உணவு வேண்டும் என்று பவுல் வற்புறுத்தி, தாமே அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணிப் புசித்தார் (அப்போஸ்தலர் 27).

சுத்தத்தைக் குறித்தோ ஆண்டவரின் போதனை மிகத் தெளிவானது. வாய்க்குள் போவது வயிற்றில் சென்று கழிந்துபோகும். மனிதனைத் தீட்டுப்படுத்துவது இருதயத்திலிருந்து புறப்படுவதே (மாற்கு 7). பொறாமையையும் பெருமையையும் எந்தச் சாறும் கழுவாது. ஏசாயா 58-ஆம் அதிகாரத்தில் தேவன் தமக்குப் பிரியமான உபவாசம் எது என்று சொல்லுகிறார்: பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதும், நுகத்தை அவிழ்ப்பதும், வீடற்றவனை ஏற்றுக்கொள்வதுமே. இரண்டாம் நூற்றாண்டில் ஆதிச்சபையார் விரும்பிப் படித்த எர்மாவின் 'மேய்ப்பர்' என்னும் நூலும் இதையே நடைமுறையாகக் கற்பிக்கிறது: உபவாச நாளில் அப்பமும் தண்ணீருமே உட்கொண்டு, மிச்சமான உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கும் அநாதைக்கும் கொடுக்கவேண்டும்.

இதை நம் பாட்டிமார் எந்த நூலையும் படிக்காமலே செய்தார்கள். உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். அது நிறைந்ததும் பிடியரிசிக் காணிக்கையாய் ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். ஒருவரும் மயங்கி விழவில்லை. ஒருவரும் எடையைப் பார்க்கவில்லை. தம் உலையில் குறைந்த பிடி, இன்னொரு வீட்டின் உலையில் கூடியது.

அந்த இளைஞருக்கு நான் சொன்ன விடை இதுதான். டீடாக்ஸ் என் உடலிலிருந்து எதை வெளியேற்றலாம் என்று கேட்கிறது. உபவாசமோ என் தட்டிலிருந்து யாருக்குக் கொடுக்கலாம், என் நாளிலிருந்து எவ்வளவு நேரத்தை ஆண்டவருக்குக் கொடுக்கலாம் என்று கேட்கிறது. இரண்டும் ஒன்றல்ல, தம்பி.

ஆகவே இந்த லெந்து காலத்தில் உபவாசிக்க விரும்பும் பிரியமானவர்களே, சில வேண்டுகோள்கள். நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவை விடாதீர்கள்; மாத்திரையை நீங்களே நிறுத்தவும் வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பிள்ளைகளும் முதிர்ந்தவர்களும் உணவை விடுவதற்குப் பதிலாகக் கைபேசியையோ வீண்பேச்சையோ விடலாம். அதுவும் தேவனுக்கு உகந்ததே. உண்ணாதிருப்பவர்கள் தண்ணீரை மறவாதீர்கள். தலைசுற்றினால், நடுங்கினால், உடனே உபவாசத்தை முடித்துவிடுங்கள், அது தோல்வியன்று. முடிக்கும்போது கஞ்சியோ மோரோ மெதுவாகப் பருகுங்கள். போதகர்களாகிய உடன் ஊழியரே, உபவாசத்தை அறிவிக்கும்போதே இவற்றையும் அறிவியுங்கள். கூட்டம் நடக்கும் இடத்தில் சிறிது சர்க்கரையும் தண்ணீரும் ஆயத்தமாயிருக்கட்டும்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, எங்கள் சரீரங்களை அதிசயமாய் உண்டாக்கி, இரவும் பகலும் சுத்திகரிக்கும் உறுப்புகளை எங்களுக்குள் வைத்தீர், உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் உபவாசம் பெருமையாகவோ வியாபாரமாகவோ மாறாதபடி காத்தருளும். நாங்கள் விட்டுவைக்கும் ஒவ்வொரு பிடியும் பசித்த ஒருவரின் கையைச் சேரச் செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.